பஞ்சு காட்டிக்கொடுத்த வளையம்

மனைவி இறந்தபின், ஞாயிறுதோறும் முடிச்சூர்ப் பக்கத்து ஏரியில் தனியாகத் தூண்டில் போடுகிறேன். தூண்டில் கம்பில் மாட்டிய பின்னல் நூல் அடிக்கடி அறுந்தது; போலிச் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டினேன். ஒருநாள் கொக்கி எதிலோ சிக்கியது. நூலைக் கையில் சுற்றி இழுத்தேன், விரலை அறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் ஒற்றைக் கையால் கட்டுப் போட முடியவில்லை. முதன்முறையாக எதிர்வீட்டு டீச்சர் கதவைத் தட்டினேன்.

"தனியா ஏன் சார் போறீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கடிந்துகொண்டே பஞ்சு வைத்துக் கட்டினார்.

மறுநாள் கம்பைத் துடைத்தபோது, நுனியில் நூல் நுழைந்து ஓடும் பீங்கான் வளையத்தில் விரல் கட்டின் பஞ்சு மாட்டி இழுத்தது. உள்ளே ஒரு விரிசல்! நூலை அறுத்தது அதுதான். வளையத்தை மாற்றினேன், இப்போது நூல் அறுவதில்லை.

இப்போதெல்லாம் கிளம்பும் முன் வளையங்களில் பஞ்சு விட்டுப் பார்க்கிறேன். டீச்சரிடமும் சொல்லிவிட்டுப் போகிறேன். திரும்பியதும், "மீன் கிடைச்சுதா சார்?" என்பார். பெரும்பாலும், அந்த வாரத்தில் என்னிடம் ஒருவர் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.