மாமாவின் படகுக்கு ஒரு ஜெனரேற்றர்

மாமா வாங்கிய படகுக்குள் ஒரு வீடு இருந்தது. இரண்டு கட்டில்கள், அலுமாரி அளவில் சமைக்க ஒரு குசினி, கதவு பூட்டுப்படாத கழிவறை, வட்டமான கண்ணாடி யன்னல்கள். தெற்கில் யாரோ ஒரு பணக்காரர் உல்லாசமாக ஓடித் திரிந்துவிட்டுக் கைவிட்ட பழைய படகு. வல்வெட்டித்துறையில் படகைக் கண்டு யாரும் வாய் பிளப்பதில்லை. ஆனால் கட்டில் போட்ட படகை எங்கள் தெரு அதற்கு முன் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் என் மதிப்பு ஒரே நாளில் உயர்ந்தது.

“கடலுக்குப் போய் நித்திரை கொள்ளவோடா போட் வாங்கினனீ?” என்று அயலில் இருந்த மீனவர் ஒருவர் கேட்டார்.

“ஓம் அண்ணை, அதுக்குத்தான்” என்றார் மாமா.

அவர் சொன்னது உண்மை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய், கரைக்குச் சற்று அப்பால் நங்கூரமிட்டு, ஓர் இரவு தங்கவைத்து, விடியக் கூட்டி வருவது அவருடைய திட்டம். கனடாக் குடும்பம் ஒன்று அடுத்த சனிக்கிழமைக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. அவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், குளிர்ந்த தண்ணீர் வேண்டும், விடியும்வரை மின்விசிறி சுற்ற வேண்டும். படகோடு வந்த ஜெனரேற்றரோ துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. அதை அரிந்துதான் வெளியே எடுத்தார்கள். இந்தப் பயணம் சரிவராவிட்டால் படகை விற்றுவிட்டுத் திரும்ப வேலைக்குக் கட்டாருக்குப் போக வேண்டியதுதான் என்று மாமி சொல்லிவிட்டார். மாமா கட்டாருக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. அதைவிட, கடலின் நடுவில் எனக்கு ஐஸ்பழம் செய்து தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பிரிஜ் வேண்டும். பிரிஜ்ஜுக்கு ஜெனரேற்றர் வேண்டும். எட்டு வயதில் எனக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கியது.

கொக்குவிலில் ஒருவர் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஜெனரேற்றர் வாடகைக்கு விட்டுவந்தார். எல்லா இடத்துக்கும் கரண்ட் வந்தபின் வாடகை விழுந்துவிட, ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். அங்கே போவதென்று முடிவாயிற்று. மாமி ஒரு நிபந்தனை வைத்தார்.

“போட்டில என்னென்ன ஓடுமோ, அவ்வளவும் அங்க ஒண்டா ஓடிக் காட்டோணும்.”

ஆகவே ஞாயிறு காலை ஒரு சிறிய லொறியில் படகுப் பிரிஜ், இரண்டு மின்விசிறிகள், ரைஸ் குக்கர், பல்ப்புகள் எல்லாம் ஏறின. வெறும் குக்கரை ஓட்டிப் பார்ப்பது பரீட்சையாகாது என்று மாமி அரிசியையும் எடுத்துக்கொண்டார். அரிசி வந்தபின் கறி இல்லாமல் எப்படி என்று அம்மா முதல்நாள் மீன் குழம்பைச் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டார். நான் தோடம்பழச் சாறு ஊற்றிய ஐஸ்பழ அச்சை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருந்தேன். வழியில் பார்த்தவர்கள் நாங்கள் வீடு மாறுவதாக நினைத்திருப்பார்கள்.

கொக்குவில்காரரின் வளவு நாலாபக்கமும் உயர்ந்த மதிலால் சூழப்பட்டிருந்தது. நாங்கள் சாமான்களை இறக்குவதைப் பார்த்து அவர் திகைத்துப்போனார்.

“தம்பி, ஜெனரேற்றர் பார்க்கவோ வந்தனியள், குடியிருக்கவோ?”

“ரெண்டில ஒண்டு” என்றார் மாமா.

படகுக்கு ஏற்ற அளவில் இரண்டுதான் இருந்தன. ஒன்று பச்சை நிற டீசல் இயந்திரம். நல்ல வயது. மற்றது பெட்டிபோல மூடிய, பெற்றோலில் ஓடுவது. மாமி முதலில் இரண்டின் மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடான இயந்திரம் எதுவும் நல்ல பிள்ளைபோல ஸ்ராட் ஆகும். குளிர்ந்து கிடப்பதை ஸ்ராட் செய்தால்தான் அதன் குணம் தெரியும். பெட்டி குளிர்ந்திருந்தது. பச்சை சுட்டது.

“ஐயா, இதைக் காலமையே ஒருக்கா ஓட்டினனீங்கள் போல” என்றார் மாமி.

“அது... வெயில் பட்டிருக்கும் பிள்ளை.”

“நிழலில எல்லோ நிக்குது.”

அவர் தலையைச் சொறிந்தார். மாமா சிரிப்பை அடக்க லொறிப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை அந்த இடத்திலேயே பச்சை தோற்றுவிட்டது.

பெட்டியை முதலில் ஸ்ராட் செய்தார்கள். ஒரே இழுப்பு. இயங்குகிறதா என்று குனிந்து கேட்க வேண்டியிருந்தது. புகை இல்லை. பல்ப்பைப் பார்ப்பது என் பொறுப்பு. மங்கினால் கையை உயர்த்த வேண்டும். விசிறிகளைப் போட்டார்கள், பல்ப் அசையவில்லை. பிரிஜ்ஜைப் போட்டார்கள், அசையவில்லை. நான் ஓடிப்போய் ஐஸ்பழ அச்சை உள்ளே வைத்துவிட்டு ஓடிவந்தேன். படகில் கனடாக்காரர் படுக்கும் இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில்தான் ஜெனரேற்றர் நிற்கும். அவர்கள் நிம்மதியாக நித்திரை கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? மாமா ஏற்கெனவே பெட்டியைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

கடைசியாக மாமி ரைஸ் குக்கரைப் போட்டார். பாரம் ஏறியதும் இயந்திரத்தின் குரல் மாறியது. உரத்துப் போகவில்லை, உயர்ந்தது. மெல்லிய, இடைவிடாத ஓர் இரைச்சல். நாலு மதிலிலும் பட்டுத் திரும்பியதாலோ என்னவோ, பெட்டியிலிருந்து வருவதுபோல் இல்லாமல் மேலேயிருந்து வருவதுபோல் இருந்தது.

அப்போது மாமா தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். அகப்பையோடு நின்ற மாமியும் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்யவில்லை. மூவரும் ஒன்றாகவே பார்த்தார்கள். கொக்குவில்காரர் மட்டும் பெட்டியில் இருந்த மீற்றரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு தென்னை ஓலையும் வெறும் வானமும்தான் தெரிந்தன.

எனக்குக் கொட்டாவி வந்தது. பிரிஜ்ஜில் சாய்ந்துகொண்டு, “அம்மா, இந்தச் சத்தத்தைக் கேக்க நல்லா நித்திரை வருது” என்றேன். பெட்டிக்கு ஆதரவாக ஒரு சாட்சி சொன்னதாக எனக்கு நினைப்பு.

அம்மா வந்து என்னைத் தூக்கினார். தூக்கும் வயதை நான் எப்போதோ கடந்திருந்தேன். என் கால்கள் அவருடைய முழங்காலில் இடித்தன. அப்படியே படலையைத் தாண்டி வெளியே ஒழுங்கைக்குக் கொண்டுபோனார்.

“தம்பி, உந்த மெஷினை நிப்பாட்டு” என்று அங்கிருந்து மாமாவுக்குச் சொன்னார்.

மாமா அதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார்.

“உது சரிவராது ஐயா. பெற்றோல். போட்டில பெற்றோல் வச்சிருக்கிறது பயம்” என்று மாமா சொல்வது கேட்டது. படகின் இரண்டு என்ஜின்களும் பெற்றோலில்தான் ஓடின. அது எனக்கே தெரியும்.

அம்மா என்னைத் திரும்ப உள்ளே கூட்டி வந்தபின், பச்சையை மாமா பிடியைச் சுற்றி ஸ்ராட் செய்தார். அரிசி ஆலைபோலத் தடதடத்தது. மதிலில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. பிரிஜ்ஜைப் போட்டதும் பல்ப் மங்கியது. நான் கையை உயர்த்தினேன். யாரும் பார்க்கவில்லை. மற்றக் கையையும் உயர்த்தினேன். பாதி வெந்திருந்த சோற்றை மாமி அதிலேயே வேகவைத்து முடித்தார். அந்த வளவிலேயே எல்லோரும் இருந்து சாப்பிட்டோம், கொக்குவில்காரரும் சேர்ந்துதான். “குழம்பு” என்பதைக்கூடக் கத்திக் கேட்க வேண்டியிருந்தது. மாமா, மாமி, அம்மா மூன்று பேரும் திடீரென்று கலகலப்பாகிவிட்டார்கள். பச்சையை வாங்குவதாக மாமா சொன்னபோது விற்கிறவரே ஒருமுறை மறுத்துப் பார்த்தார்.

“தம்பி, நான் பொய் சொல்லக்கூடாது. மற்றதுதான் நல்லது.”

“தெரியும் ஐயா” என்றார் மாமா.

திரும்பும்போது லொறியில் பச்சையின் பக்கத்தில் இருந்தேன். ஐஸ்பழம் விளிம்பில் மட்டும் உறைந்து, நடுவில் தண்ணீராகி முழங்கைவரை ஒழுகியது. பெரியவர்களுக்கு மெஷின் பார்த்து வாங்கத் தெரியாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்த கனடாக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார்கள். ஆனாலும் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். மாமா கட்டாருக்குப் போகவில்லை.

பல வருடங்கள் கழித்து, அதே படகில் வைத்து மாமிதான் எனக்குச் சொன்னார். சண்டையின் கடைசி மாதங்களில் நாங்கள் வன்னியில் இருந்தோம். மேலே வேவு விமானம் சுற்றும். கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் விடாமல் கேட்கும். அது சுற்றிப் போனால் பின்னால் ஷெல் வரும். “நாங்கள் ஒருத்தரும் கண் மூடுறேல்லை. கைக்குழந்தை நீ மட்டும் பங்கருக்குள்ள அந்தச் சத்தத்துக்கு வடிவா நித்திரை கொள்ளுவாய். மூச்சு வருதோ எண்டு கொம்மா உன்ரை மூக்கில கை வச்சு வச்சுப் பார்ப்பா.” கொக்குவிலில் எனக்குக் கொட்டாவி வந்தது அதனால்தானா, மத்தியான வெயிலாலா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அம்மாவுக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

கொக்குவிலிலிருந்து திரும்பிய அந்த ஞாயிறு பின்னேரமே பச்சையைப் படகின் பின்தட்டில் ஏற்றி இயக்கினார்கள். படகு முழுவதும் அதிர்ந்தது. யன்னல் கண்ணாடிகள் கிலுகிலுத்தன. நான் உள்ளே கட்டிலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா குனிந்து வந்து என் காதுக்குள் கத்தினார்.

“இப்ப நித்திரை வருதோ?”

“உந்தச் சத்தத்துக்கை ஆர் நித்திரை கொள்ளுறது!” என்று நானும் கத்தினேன்.

அம்மா சிரித்தார். வெளியே நின்ற மாமாவும் மாமியும் சிரித்தார்கள். அம்மா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் கோபத்தில்தான் சொன்னேன். அதில் என்ன பகிடி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவர்கள் சிரிப்பதைப் பார்த்து, இன்னொரு தடவை இன்னும் பலமாகக் கத்திச் சொன்னேன்.