சூடு காட்டிய தேன்

கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர் காத்தான் கொண்டுவரும் தேனுக்குக் கள்ளக்குறிச்சிச் சந்தையில் நல்ல பேர். மருந்துக்கு என்று யாராவது கேட்டால் காசு வாங்காமலே கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார். அவர் மனைவி பழனியம்மாளுக்கு அதில் ஏகப் பெருமை. அப்பேர்ப்பட்ட மனுஷன் மேல்தான் கலப்பட வழக்கு வந்தது.

உணவு ஆய்வாளர் சந்தையில் தேன் வாங்கி, மூன்று புட்டிகளில் பிரித்து அரக்கு முத்திரை வைத்தார். ஒரு புட்டி பட்டணத்து ஆய்வகத்துக்குப் போனது. சர்க்கரைப்பாகு கலந்திருப்பதாக அறிக்கை வந்தது. இன்னொரு புட்டியை மறுசோதனைக்கு அனுப்பக் கேட்கலாம் என்பது இவர்களுக்குத் தெரியவரும்போது தவணை தாண்டியிருந்தது. அறிக்கை எழுதிய பகுப்பாய்வாளரையே கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம் என்றார் இவர்கள் வக்கீல் அய்யப்பன்.

அந்த வாய்தா, இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த எண்பத்தேழு செப்டம்பரில் வந்தது. பஸ் இல்லை. கச்சிராயபாளையத்திலிருந்து கோர்ட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் நடந்தார்கள். சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். ஒரு மரத்தைத் தாண்ட அவர் கை கொடுத்தபோது, பழனியம்மாள் மனசிலிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நெசமா சொல்லு. பாகு கலந்தியா?"

அவர் கையை விடவில்லை. அவள் இறங்கியதும்தான் விட்டார். "நீயுமா கேக்கற?" என்றார். கோர்ட்டில், பகுப்பாய்வாளர் வர வழியில்லை என்று வழக்கைத் தள்ளிவைத்தார்கள்.

தை மாதம் பகுப்பாய்வாளர் வந்தார். கூண்டில் நின்றவரிடம் வக்கீல் கேட்டார்:

"சோதனையில் சிவப்பு நிறம் வந்தது என்கிறீர்கள். பாகு கலந்தால் மட்டும்தான் அது வருமா?"

"இல்லை. தேனை அதிகம் காய்ச்சினாலும் வரும்."

"இது பாகா, சூடா என்று உங்களால் சொல்ல முடியுமா?"

அவர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். "இந்தச் சோதனையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது."

மழைக்காலத்தில் எடுத்த அந்தத் தேன் நீர்த்து நுரைத்துக்கொண்டு வந்ததென்று சட்டியில் காய்ச்சியது பழனியம்மாள்தான்.

"சாமி, நான்தாங்க காய்ச்சனேன்!" என்று எழுந்துவிட்டாள். நீதிபதி உட்காரச் சொன்னார். அடுத்த வாய்தாவில் வக்கீல் அவளைச் சாட்சியாகவே ஏற்றினார்.

"வூட்டுக்காரரைக் காப்பாத்தத்தானே இப்படிச் சொல்ற?" என்று மடக்கினார் அரசு வக்கீல்.

"பொய் சொல்றதுன்னா மொதல்லயே சொல்லியிருக்க மாட்டனாங்க? காய்ச்சனா அப்டி காட்டும்னு அந்த ஐயா சொல்லித்தாங்க எனக்கே தெரியும்."

சந்தேகத்தின் பலனை அளித்துக் காத்தானை விடுதலை செய்தது கோர்ட்டு. சந்தேகம் என்ற அந்த வார்த்தை பழனியம்மாளை உறுத்தியது. வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அவங்க சந்தேகப்பட்டா போவட்டும். நானும் இல்ல பட்டுட்டேன்?"

"கேட்ட இல்ல, அதோட வுடு. மனசுல வச்சிக்கினு இருந்தாத்தான் கஷ்டம்" என்றார் காத்தான். "வா, பசிக்குது."

ஓட்டலில் தன் இலையிலிருந்த பூரியில் ஒன்றை எடுத்து அவள் இலையில் வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவர் சந்தைக்குத் தனியாகப் போனதே இல்லை. தேன்குடம் அவர் தலையில், படியும் புனலும் அவள் கையில்.