கட்டிலருகே ஓர் இரும்புப் பெட்டி

டென்சில் கட்லிப்புக்கு மின்கம்பம் ஏறுவதுதான் பிழைப்பு. பனி உறைந்து மலையெங்கும் கம்பிகள் அறுந்து விழும் நாட்களில், மற்றவர்கள் அடுப்பருகே ஒடுங்கிக் கிடக்க, அவன் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு மேலே போவான். மறுபடி விளக்கு எரிந்ததும் ரீபா எதிரில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எங்க டென்சில் போட்ட வெளிச்சம்" என்பாள். அவள் அவனுடைய அக்கா. அம்மா இறந்ததும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு அவனை வளர்த்தவள். அவள் வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், அவன் வீடு அந்தப் பக்கம்.

அப்பா விட்டுப்போன ஒரே உருப்படியான பொருள் ஒரு பம்ப் துப்பாக்கி; குழலுக்கு அடியிலுள்ள பிடியை இழுத்துத் தள்ளினால் தோட்டா ஏறும். அது டென்சிலுக்குப் போயிற்று. அந்த மலைப்பக்கத்தில் அப்பன் துப்பாக்கி மகனுக்குத்தான். அதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. மரத்து உச்சியில் ஓடும் அணிலை ரீபா குறி தப்பாமல் சுடுவாள், டென்சில் சுட்டால் இலை மட்டும் உதிரும் என்பது வேறு விஷயம். அவளும் பேசவில்லை.

இருவருக்கும் அப்பா ஒன்றை ஒரே மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார். துப்பாக்கியைக் கைமாற்றும்போது அடிப்பிடியைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்த்து, திறந்தபடியே நீட்ட வேண்டும். வாங்குகிறவர் "வாங்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை கொடுக்கிறவர் பிடியை விடக் கூடாது.

புயல் வேலைக்குப் போனால் டென்சில் திரும்பி வர வாரக்கணக்காகும். மனைவி ட்வைலா வீட்டில் தனியாக இருப்பாள். ஒரு இலையுதிர் காலத்தில், ஓடைக்குக் கீழே தனியாக இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக் கதவை எவனோ உடைத்து உள்ளே வந்துவிட்டான். போலீஸ் என்றால் ஷெரிஃபின் ஆட்கள்தான்; அவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள திருடன் சமைச்சுச் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி வச்சிட்டுப் போயிடுவான்" என்றான் டென்சில்.

துப்பாக்கியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் சட்டென்று கைக்கு வரும். ஆனால் ஞாயிறுதோறும் பேத்திகள் வந்து கட்டிலுக்கு அடியில்தான் ஒளிந்து விளையாடுவார்கள். மாடியில் பூட்டி வைத்தால் ஆபத்துக்கு உதவாது. பல நாள் யோசித்து, நீளமான ஓர் இரும்புப் பெட்டியை வரவழைத்தான். அதைப் படுக்கையறை அலமாரிக்குள், சுவருக்குப் பின்னால் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து, திருகாணி போட்டு இறுக்கினான். பெட்டியின் முகப்பில் விரலுக்கு ஒன்றாகப் பொத்தான்கள். சரியான வரிசையில் அழுத்தினால்தான் கதவு திறக்கும். தோட்டாக்களை அடிக்குழாயில் மட்டும் நிரப்பினான்; பிடியை இழுத்தாலொழிய சுடாதபடி, சுடும் அறையைக் காலியாக விட்டான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி அழுத்திப் பழகினான். உள்ளே பச்சை வெல்வெட்டுத் துணி வேறு ஒட்டினான்.

"என் கல்யாணக் கவுன் அட்டைப்பெட்டில கசங்கிக் கிடக்கு. உங்க தம்பி துப்பாக்கிக்கு மட்டும் மெத்தை" என்றாள் ட்வைலா, பெட்டியைப் பார்க்க வந்த ரீபாவிடம்.

"கவுனுக்குள்ள நீ நுழையறதா இருந்தா சொல்லு, அதுக்கும் மெத்தை போடறேன்" என்றான் டென்சில். துடைப்பம் பறந்தது. ரீபா சிரித்தாலும், ஒவ்வொரு திருகாணியையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ஒன்றுகூடக் கோணலாக இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு வழி, பிறகு பேத்திகளின் பெயர். விரல்களுக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை.

ஒரு மத்தியானம் ட்வைலா கோழிக்கூட்டிலிருந்து முட்டைக் கூடையோடு திரும்பினாள். படுக்கையறையில் துப்பாக்கியின் பிடி பின்னால் போய் முன்னால் வரும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே டென்சில் கத்தினான்: "யாரு நீ? என் பொண்டாட்டி வீட்ல தனியா இருக்கா. ஓடிப் போயிரு!"

அவள் விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். கத்தியதை அவன் மறக்கும்வரை அங்கேயே இருந்தாள். அதன் பிறகு உள்ளே போனபோது, "எங்க போயிட்ட? பசிக்குது" என்றான்.

மறுநாள் அவள் பொத்தான்களின் வரிசையை மாற்றினாள். அன்று பூராவும் டென்சில் அலமாரிக்குள் நின்று அழுத்திக்கொண்டே இருந்தான். விரல் நுனிகள் சிவந்தன. சாயங்காலம் ரீபா வந்தபோது, பெட்டிமேல் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதுகொண்டிருந்தான். "அவளை என்னால காப்பாத்த முடியலையே."

இரண்டு பெண்களும் சமையலறையில் உட்கார்ந்து பேசினார்கள். பழைய வரிசையையே மறுபடி வைத்துவிடுவது, தோட்டாக்களை மட்டும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. "வெறுந்துப்பாக்கி என்ன செஞ்சிடப் போகுது?" என்றாள் ரீபா. தோட்டாக்களைத் தானே எடுத்துப் போனாள்.

டென்சில் பெட்டியைத் திறந்தான். பழக்கம் விடுமா? அடிக்குழாயிலும் விரல் விட்டுத் தடவிப் பார்த்தான். காலி. அப்படியானால் யாரோ வீட்டுக்குள் வந்து போயிருக்கிறார்கள். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் வராந்தாவில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டான். கேஸ் லாரிக்காரன் வந்து இறங்கியதும் அவனுக்கு நேரே குழலைத் திருப்பினான். அவன் கைகளைத் தூக்கியபடியே பின்வாங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ரீபா வீட்டுக்கு வந்தான்.

"ரீபாம்மா, என் வண்டில சீட்டுக்கு அடியில நானும் ஒரு துப்பாக்கி வச்சிருக்கேன். எதிர்ல இருந்தது டென்சில்ங்கிறதால எடுக்கல. நாளைக்கு வேற எவனாவது வருவான்."

"அதுல தோட்டா இல்லப்பா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அதை ரீபா யோசிக்கவே இல்லை. கையில் எதுவும் எடுக்காமல் பாலத்தைத் தாண்டி நடந்தாள்.

டென்சில் வராந்தாவிலேயே இருந்தான். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. ட்வைலா வலைக்கதவுக்கு உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிடுங்கினால் மல்லுக்கு வருவான். கம்பம் ஏறிய கைகளில் இன்னும் வலு இருந்தது. ரீபா படிக்குக் கீழேயே நின்றாள்.

"நல்ல துப்பாக்கியா இருக்கே. பாக்கலாமா?"

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான். குழலை வானத்துக்குத் திருப்பி, பிடியைப் பின்னால் இழுத்து, பார்த்தான், தடவினான். திறந்தபடியே, தோளில் வைக்கும் கட்டைப் பக்கம் அவளுக்கு வரும்படி நீட்டினான். அப்பா செய்ததுபோலவே. அவள் பிடித்தாள். அவன் விடவில்லை.

"இது எனக்குச் சொந்தமில்லம்மா" என்றான். "எங்க அக்காவோடது. அப்பா தெரியாம என்கிட்டக் குடுத்துட்டாரு. எனக்கு அணிலே விழாது. அவதான் சுடுவா. அவகிட்டச் சேத்துடுறீங்களா?"

இத்தனை வருஷமும் இதை மனதில் வைத்திருந்தானா? 'டேய், நான்தான்டா' என்று ரீபா சொல்லியிருப்பாள். சொன்னால் குழம்பி, துப்பாக்கியை இழுத்துக்கொள்வான். அவன் காத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவன் பிடியை விடப்போவதில்லை.

"வாங்கிட்டேன்" என்றாள்.

அவன் கை விலகியது.

காலியான பெட்டி சுவரிலேயே இருந்தது. டென்சில் தினமும் அழுத்தித் திறப்பான், வெல்வெட்டைப் பார்ப்பான், திகைப்பான். "உங்க அக்காகிட்ட இருக்கு" என்பாள் ட்வைலா. "அப்ப சரி" என்று மூடிவிடுவான். ஓடைக்கு இந்தப் பக்கம் ரீபாவும் அதேபோல ஒரு பெட்டி வாங்கி, மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, தன் அலமாரிக்குள் தானே இறுக்கினாள். ஒரு திருகாணி கோணலாகிவிட்டது. அதைக் கழற்றி மறுபடி போட்டாள்.

பனி கரைந்து ஓடை நிரம்பி ஓடிய சமயம். ரீபா பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டுச் சோளரொட்டிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ட்வைலா போனில் கூப்பிட்டாள்.

"ரீபா, இன்னைக்கு அவரு பெட்டிகிட்ட போகவே இல்ல. நேத்தும் போகல. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பொத்தானைப் பாத்துட்டுச் சும்மா நிக்கறாரு. விரலுக்கும் மறந்து போச்சு."

"நல்லதுதானே" என்றாள் ரீபா. போனில் ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்தது.