செல் வளர்க்கும் அக்கா

"என்ன, பசிக்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் அக்கா ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைவார். கேள்வி எங்களுக்கல்ல, சூட்டுப் பெட்டிக்குள் வளரும் புற்றுநோய்ச் செல்களுக்கு. இரண்டு நாளுக்கொரு முறை பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, அவற்றுக்குத் தீனியாகப் புதிதாக இளஞ்சிவப்புத் திரவம் ஊற்ற வேண்டும். பதினாறு வருடமாக அக்காவின் வேலை அது. "சனியனுங்க, லீவு நாள்னு பார்க்குமா?" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வைதுகொண்டே ஊற்றுவார்.

வளர்ப்பதும் இவரே, கொல்வதும் இவரே. ஒரு கொடியின் இலையிலிருந்து பிரித்த மருந்தைச் சொட்டுவிட்டு, மறுநாள் நுண்ணோக்கியில் பார்ப்பார். மருந்து பலித்தால் செல் சுருங்கி, கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். செத்தவற்றை உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்பார். அந்நேரம் பேச்சுக் கொடுத்தவன் தொலைந்தான்.

போன வருடம் முதன்முறையாகத் தட்டு முழுக்கச் செத்துக் கிடந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். தங்கைக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து தொடங்குவதாக இருந்தது. அவள் போகவில்லை. அதே கொடி அவள் வீட்டுப் பின்சுவரில் படர்ந்திருக்க, இலையைப் பறித்துக் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஊசி போட்டுக்கொள்வதாக அக்காவிடம் பொய். குட்டு உடைய நான்கு மாதம் ஆயிற்று.

"தட்டுல சாகறதும் உடம்புல சாகறதும் ஒண்ணாடி? தட்டுல ஆசிட் ஊத்தினாலும்தான் சாகும்" என்று அக்கா கத்தினார், அழுதார். "நீதானே சொன்னே" என்பதுதான் தங்கையின் ஒரே பதில். அந்தப் பதில் அக்காவை அரிப்பதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்க்க எனக்கே தாங்கவில்லை. கட்டி இப்போது அக்குள்வரை பரவிவிட்டது. நாளைக் காலை ஊசிக்கு மறுபடி நாள் குறித்திருக்கிறார்கள். அக்காவின் இன்றைய சோதனை முடிவைக் கேட்டுவிட்டுத்தான் போவதா வேண்டாமா என்று சொல்வாளாம்.

இன்றைய சோதனைக்காக, போன தடவை விட்டதில் பத்தில் ஒரு பங்கு மருந்தைத்தான் நேற்று விட்டிருந்தார். நுண்ணோக்கியோடு இணைத்த திரையில் ஒரு செல்கூட உயிரோடு இல்லை. பேராசிரியர் கைதட்டிவிட்டு வெளியே போனார். அப்போது போன் அடித்தது. கையில் உறை இருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பார்த்தியாக்கா? செத்துச்சா?"

அக்கா திரையைப் பார்த்தார்.

"இல்லடி. ஒண்ணும் சாகல. எல்லாம் அப்படியே இருக்கு. நீ காலையில ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

வந்தது வெறும் குரல்தான். ஆனாலும் பேசி முடிக்கும்வரை அக்கா அந்தத் திரையை இரண்டு உள்ளங்கைகளாலும் மறைத்துக்கொண்டு நின்றார்.