வீட்டுப்பேர் இல்லாத ஹெட்விக்

வெளியாள் யாராவது எங்க ஊருக்கு வந்து ஒரு பேரைக் கேட்டா போதும், ஹெட்விக் கையில இருக்கிற வேலையை அப்படியே போட்டுட்டு ஓடிருவா. பால் கறந்துக்கிட்டிருந்தாலும் சரி, பாதியில எந்திரிச்சு வந்து, அந்த ஆளை வீடு வீடாக் கூட்டிட்டுப் போவா. தேடி வந்தவங்களை எதிர்ல கொண்டுபோய் நிறுத்துற வரைக்கும் விடமாட்டா. "இந்தக் கிழவிக்கு என்ன கிறுக்கு?"ன்னு இந்தக் காலத்துப் பசங்க சிரிக்கும். சிரிக்கட்டும். அதுகளுக்கு என்ன தெரியும்?

ஊர் பேரு கால்டன்பாக். நடுவுல ஓடுற ஓடை பேரும் கால்டன்பாக். முக்கால்வாசிக் குடும்பத்துக்கும் அதேதான் பேரு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஊரே திரும்பிப் பாக்கும். அதனால எங்களுக்கு வீட்டுப்பேர்தான் எல்லாம். கொல்லன் வீடு, ரொட்டிக்காரன் வீடு, மாவுமில் வீடு. கொல்லன் வீட்ல மூணு தலைமுறையா எவனும் சம்மட்டியைத் தொட்டதில்லை, இருந்தாலும் கொல்லன் வீடுதான். நான் மாவுமில் வீட்டு மருமக, லீனா.

சண்டை முடிஞ்ச மறுவருஷம், 1946ல, கிழக்க, சண்டையில எங்க நாட்டை விட்டுக் கைமாறிப்போன சிலேசியாவுல இருந்து துரத்தப்பட்ட சனங்களை ஊர் ஊராப் பிரிச்சு விட்டாங்க. எங்க வீட்டு மேல்மாடிக்கு ஒரு அம்மாவும் மகளும் வந்தாங்க. பேரு கேட்டோம். "ஹெட்விக் கால்டன்பாக்"னா மக. எங்க மாமியார் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! அவங்க பேரும் ஹெட்விக் கால்டன்பாக்தான். "கால்டன்பாக்னா நாங்கதான். வழியில போறவ வர்றவ எல்லாம் கால்டன்பாக்கா?"ன்னு பொருமித் தீத்துட்டாங்க. அன்னையில இருந்து அவ 'அகதிப் பொண்ணு'. ஊரும் அப்படியே கூப்பிட்டுச்சு. வீட்டுப்பேர் இல்லாதவளுக்குப் பேரே இல்லைன்னு ஆகிப்போச்சு.

அவங்க அம்மாவுக்கு நுரையீரல் போயிருச்சு, படி இறங்க முடியாது. ஜன்னலோரக் கட்டில்ல கிடந்தபடியே மகன் கொன்ராடுக்காக உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. ரஷ்யாவுல கைதியாகிப் போனவன், இருக்கானா செத்தானான்னு தெரியாது. காணாமப் போனவங்களைத் தேடுற ஆபீஸ்ல ஹெட்விக் பதிஞ்சு வச்சிருந்தா. "அவன் மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டேன்னா நான் போயிருவேன் லீனா"ம்பாங்க அந்தம்மா.

1949 அக்டோபர்ல, வயசானவங்களையும் சின்னதுகளையும் விட்டா, ஊரே உருளைக்கிழங்கு தோண்டப் போயிருந்தோம். ஹெட்விக் எனக்குப் பக்கத்து வரிசையில தோண்டிக்கிட்டிருந்தா. சாயங்காலம் வீட்ல எல்லாரும் சூப் குடிக்க உக்காந்தப்போ மாமியார் சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சாங்க.

"இந்த வயசுல என்னைத் தேடிக்கிட்டு ஒரு ஆம்பிளை வந்தான்டி!"

"அடேங்கப்பா! யாரு அத்தை, பழைய ஆளா?"ன்னேன்.

"போடி வாயாடி. பஞ்சு வச்ச கோட்டு, எலும்பும் தோலுமா ஒருத்தன். பீர்க்கடை வாலண்டின்கிட்ட 'ஹெட்விக் கால்டன்பாக் எங்க இருக்கா'ன்னு கேட்டிருக்கான். அவன் 'மூணு இருக்கு, உனக்கு எது வேணும்'னானாம். கொல்லன் வீட்டுக் கிழவியைப் பாத்துட்டு, ரொட்டிக்காரன் வீட்டுச் சின்னக் குட்டியைப் பாத்துட்டு, கடைசியா இங்க வந்தான். 'ஹெட்விக் நான்தான், என்ன வேணும்?'னேன். ஏற இறங்கப் பாத்தான். 'மன்னிக்கணும்மா, ஆள் மாறிப்போச்சு'ன்னு போயிட்டான்."

ஹெட்விக் கிண்ணத்தைக் கீழ வச்சா. "இடது காது பாதிதான் இருக்குமா அவனுக்கு?"

மாமியாருக்குத் திறந்த வாய் மூடலை. "ஆமா"ன்னாங்க.

தம்பியைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு ஓடினா பாவி மக. ரயில் எப்பவோ போயிருச்சு. நான் நேரா பீர்க்கடைக்குப் போனேன்.

"ஏய்யா, மூணு ஹெட்விக்தானா உன் கணக்குல? நாலாவது எங்கய்யா?"

"எந்த நாலாவது?"ன்னு தலையைச் சொறிஞ்சான் வாலண்டின். "அட... அந்த அகதிப் பொண்ணா? அவ பேரு ஹெட்விக்கா?"

மூணு வருஷமா அவன் கடையில டம்ளர் கழுவுறவ அவ! அதுக்கப்புறம் என் வாயில வந்ததையெல்லாம் இங்க சொல்ல முடியாது.

"அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க அக்கா"ன்னு ஹெட்விக் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "வந்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னு தெரிஞ்சா தாங்காது." ஆபீஸுக்கு மறுபடியும் எழுதிப் போட்டா. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அந்தம்மா போய்ச் சேர்ந்தாங்க. கடைசி வரைக்கும் "கொன்ராட் வந்தானா?"தான். "வந்துக்கிட்டே இருக்கான்மா"ன்னு இவ சொல்லிக்கிட்டே இருந்தா.

எங்க ஊர்ல சாவு விழுந்தா, ஒருத்தர் வீடு வீடாப் போய் வீட்டுப்பேர் சொல்லித் தகவல் சொல்லணும். வாலண்டின் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு வந்தான். "மாவுமில் வீட்டுப் பெரியம்மான்னு சொல்லிரட்டுமா?" எங்க மாமியாரும் தலையை ஆட்டினாங்க.

"உசிரோட இருந்தப்ப குடுக்காத பேரு இப்ப எதுக்கு?"ன்னா ஹெட்விக். "கால்டன்பாக்னே சொல்லுங்க. அது எங்க அப்பா பேரு."

அவன் அப்படியே போய்ச் சொன்னான். 'எந்த வீட்டு கால்டன்பாக்?'னு ஒருத்தர்கூடக் கேக்கலை.

கொன்ராட் மேற்க ஒரு நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்துக்கிட்டிருந்தான். ஆபீஸ் தேடிப் பிடிச்சுச் சொல்ல, பனி உருகுற நேரத்துல வந்து சேர்ந்தான். அக்கா தம்பி ரெண்டு பேரும் முதல்ல கல்லறைக்குப் போயிட்டு, அப்புறம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. மாமியார் வாசல்லயே நின்னு, "என்னை மன்னிச்சிருப்பா"ன்னு அழுதாங்க.

"நீங்க பொய் சொல்லலையேம்மா. பேரு சரியாத்தானே சொன்னீங்க"ன்னான் அவன். "ஊருக்கும் அதே பேருன்னு பாத்ததும், ஆபீஸ்ல ஏதோ குழப்பிட்டாங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

பேசிக்கிட்டே அண்ணாந்து மேல்மாடி ஜன்னலைப் பாத்தான். அப்புறம் அவன் பேச்சு மெதுவாயிருச்சு.

"அன்னிக்கு நீங்க கதவைச் சாத்தினதும் நான் உடனே போகலை. மேல யாரோ இருமிக்கிட்டிருந்தாங்க. விடாத இருமல். பாவம், ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இல்லையோன்னு நெனச்சேன். தெரியாதவங்க வீடாச்சே, எப்படிப் படியேறுறதுன்னு தயங்கிக்கிட்டு நின்னேன்."

ஹெட்விக்தான் கேட்டா:

"எவ்வளவு நேரம்டா நின்ன?"

"இருமல் அடங்குற வரைக்கும்"னான்.