ஓட்டைப்பல் கடித்த ஸ்பேனர்கள்

அண்ணன் வேலை பார்த்த கார் பட்டறைக்கு ஒருநாள் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். ரிப்பேருக்கு வந்த கார் ஒன்றின் பின்சீட்டில் வயசான அம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் உள்ளே முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா இறங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் கதவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். ரேடியேட்டருக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீர் கேனை எடுத்து வந்து, கால் இடறினவர் மாதிரி சீட்டின் மேல் அப்படியே கவிழ்த்துவிட்டார். அம்மாவின் துணியெல்லாம் நனைந்துபோனது. மகன் ஓடிவந்து கத்தினார். முதலாளி, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? எருமை!" என்று நாலு பேர் முன்னால் திட்டினார். அண்ணன் பல்லை இளித்துக்கொண்டு, "கை தவறிடுச்சுங்க" என்றார்.

சீட்டைத் துடைக்க நான் குனிந்தபோதுதான் மூத்திர வாடை வந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த அம்மா போகும்போது அண்ணனுடைய கறுத்த கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார்.

இதை முதலில் சொல்லிவிட்டேன். ஏனென்றால் இனி சொல்லப்போவதெல்லாம் குமட்டுகிற சங்கதி.

அண்ணன் சுத்தக்காரர் இல்லை. நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. காதுக்குள் கிரீஸ். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது அவர் ஸ்பேனரை வாயில் கவ்வுகிற பழக்கம்தான். காருக்கு அடியில் மல்லாந்து படுத்தால் இரண்டு கையும் மேலே மாட்டிக்கொள்ளும். ஸ்பேனரைத் தரையில் வைத்தால் ஆயிலில் வழுக்கிப் போய்விடும். அதனால் பல்லில் கவ்விக்கொள்வார். வெறும் இரும்பைக் கடித்தால் பல் கூசுகிறதென்று, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் நடுவில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி, அதன் மேல் துணி டேப் சுற்றி வைத்திருந்தார். வருஷக்கணக்காகக் கடித்துக் கடித்து அந்த டேப் எச்சிலும் கிரீஸும் ஊறி, செத்த எலித் தோல் மாதிரி ஆகிவிட்டது. வேலை முடிந்து வெளியே வரும்போது உதட்டைச் சுற்றிக் கறுப்பு வட்டம் இருக்கும். தாடையில் வழிந்திருக்கும். அந்த வாயோடு, "என்ன சாப்பாடும்மா?" என்பார். கடவுள் மன்னிக்கட்டும், அவர் குடித்த தம்ளரை நான் மூன்று தடவை தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.

ஜாக்கியின் கம்பி தெறித்து அவருடைய மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது. அதிலிருந்து பட்டறையில் அவருக்குப் பேரே ஓட்டைப்பல். அங்கே ஒருத்தரும் அவர் ஸ்பேனரைத் தொட மாட்டார்கள். அவருக்கு அதில் பெருமை வேறு. "பெட்டிக்குப் பூட்டு எதுக்கு? என் எச்சில் போதும்" என்று சிரிப்பார்.

அந்த ஸ்பேனர்கள் சாதாரணமானவை இல்லை. அண்ணியின் அப்பா பெரிய லாரி மெக்கானிக். அவர் காலத்தில் கப்பலில் வந்த செட்டு. இரும்பில் எனக்குத் தெரியாத எழுத்தெல்லாம் வெட்டியிருக்கும். தனக்குப் பிறகு மருமகனுக்கென்று அவர் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணி என்னோடு வந்துவிட்டார். பெட்டியும் வந்தது. அண்ணன் அதை என் பொறுப்பில் விட்டிருந்தார். அதைத் திறந்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வேலையும் எனக்குச் சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை. கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டேன்.

ஒரு காலையில் நான் கும்பிட்டு எழுந்திருக்கும்போது முதலாளி வந்தார். துக்கம் கேட்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் காலைப் பரப்பி உட்கார்ந்தார். தீக்குச்சியால் பல்லைக் குத்தி, வந்ததை விரலால் சுண்டி என் தரையில் போட்டார்.

"நல்ல மனுஷன்தாம்மா உன் அண்ணன். ஆனா கை கொஞ்சம் நீளம்" என்றார்.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என்ன சொல்றீங்க?"

"பழைய ஸ்பேனர் செட்டு ஒண்ணு எங்க அப்பாவோடது. கடையில கிடந்தது, இப்ப காணோம். பழங்காலத்துச் சாமான் சேக்குற ஒருத்தர் வந்து கேட்டாரு. அப்பதான் தேடினேன். இங்கதான் இருக்கும்னு ரெண்டு பேருகிட்ட சொல்லியும் வச்சிருக்கேன்."

ரெண்டு பேரிடமா? வாசலில் அதற்குள் ஆள் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில் மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அதை நேரிலேயே பார்த்தேன். முதலாளியுடைய கண் எங்கள் முகத்தில் இல்லை. கொல்லைப்பக்கமே மேய்ந்துகொண்டிருந்தது.

"அது எங்க அப்பா கொடுத்தது" என்றார் அண்ணி. "சாமான் போனா போகட்டும். செத்தவருக்குத் திருடன்னு பேர் வைக்காதீங்க."

"பேர் என்னம்மா பேர். கடையில எல்லாரும் எடுத்துப் புழங்கின சாமான் அது. நானே தினம் அதைப் பிடிச்சுத்தான் வேலை கத்துக்கிட்டேன். பார்த்தாலே அடையாளம் சொல்லுவேன்."

நான் போய்ச் சாக்கை விலக்கிப் பெட்டியை இழுத்து வந்தேன். மூடியைத் திறந்ததும் ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், புளித்த எண்ணெயும் எலிப்புழுக்கையுமாக. கரப்பான்பூச்சி ஒன்று என் கை மேல் ஏறி ஓடியது. மனசுக்குள் கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். விரலில் பிசுக்கென்று ஒட்டியது. ஒரு ஸ்பேனரை எடுத்து முதலாளி முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சொல்லுங்க. இதுவா?"

முதலாளி நாற்காலியோடு பின்னால் போனார்.

"சீச்சீ! தூரப் பிடிம்மா! அவன் வாயில வச்சு மென்னதை... எங்க கடையில ஒருத்தன் தொடுவானா அதை? என் கை பட்டதில்ல, தெரியுமா?"

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அண்ணி கேட்டார், "இப்பதானே தினம் பிடிச்சுக் கத்துக்கிட்டேன்னு சொன்னீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "அது... இது ஒண்ணு அவனுதா இருக்கும். மத்ததை எடு."

எடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். எந்த ஸ்பேனர் எந்த போல்ட்டுக்கு என்று எனக்குத் தெரியாது. பல் யாருடையது என்று தெரியும். ஒவ்வொரு டேப்பிலும் இந்தப் பக்கம் பல் பதிந்திருந்தது, அந்தப் பக்கம் பல் பதிந்திருந்தது, நடுவில் ஒரு பல்லுக்கான இடம் மட்டும் மழமழவென்று இருந்தது. ஒன்று தப்பாமல் எல்லாவற்றிலும் அந்த ஓட்டை.

தையல்காரர் மதில் மேலிருந்து கத்தினார். "முதலாளி, ஒண்ணை எடுத்துக் கவ்விப் பாருங்க! அளவு சரியா இருந்தா செட்டோட தூக்கிட்டுப் போங்க!"

தெருவே சிரித்தது. அந்த ஆளுக்கு அப்போதும் வெட்கம் வரவில்லை. எழுந்து, வேர்த்த கையை என் வீட்டு வாசல் திரையில் துடைத்தார். குரலைத் தாழ்த்தி, "சரிம்மா, வித்தா எங்கிட்டயே வித்துடுங்க. நான் டேப்பைக் கிழிச்சுப் போட்டுச் சுத்தம் பண்ணிக்கிறேன்" என்றார்.

எச்சிலைவிட அசிங்கம் எது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வாசலில் நின்றவர்களைப் பார்த்து அண்ணி சொன்னார்: "கேட்டீங்கல்ல? அவர் திருடன் இல்ல. நாலு பேருகிட்ட நீங்களும் சொல்லுங்க." சொல்வதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

முதலாளி போனதும் அந்தத் திரையைக் கழற்றி அடுப்பில் போட்டேன். தரையை இரண்டு தடவை கழுவினேன். ஸ்பேனர்களை அண்ணி ஒரு பழைய துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். டேப் அப்படியே இருக்கிறது. எனக்கு இன்றைக்கும் அதைத் தொட்டால் குமட்டும். ஆனாலும் அதைப் பிரிக்க யாரையும் விடமாட்டேன்.

அண்ணனைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நான் கிளம்பும்போது அவர் தண்ணீர் கேட்டார். தம்ளரை நீட்டினேன். அவர் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கப் பார்த்தார். பாதி கழுத்தில் கொட்டியது. "வாய் வச்சுக் குடிங்கண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு அந்த ஓட்டைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"பெட்டியை நீ வச்சுக்கம்மா. முதல்ல அந்த டேப்பையெல்லாம் பிரிச்சுக் குப்பையில போட்டுடு, உனக்குத்தான் ஆகாதே. உள்ள இரும்பு சுத்தமாத்தான் இருக்கும்."