சுவிட்ச் மேல் ஒட்டிய டேப்

சந்தேகம் என்கூடவே பிறந்தது. ஆட்டோக்காரர் சிரித்துப் பேசினால்கூட, எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போகப் போகிறாரோ என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப்பட்டவன் தெருமுனை வீட்டுக்காரர் தயவில் இன்டர்நெட் வாங்க வேண்டிவந்தது.

புறநகரான சேக்காட்டில் நாங்கள் வீடு கட்டிய தெருவுக்குக் கேபிள் வரவில்லை. மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. மனைவிக்கோ வீட்டிலிருந்து வேலை. மொபைல் டேட்டாவில் மீட்டிங் கால் இப்படியே அறுந்துகொண்டிருந்தால் தினமும் ஆபீசுக்கு வந்துவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஆபீஸ் இருப்பது ஊரின் மறுகோடியில். தவழக்கூட ஆரம்பிக்காத பிள்ளையை விட்டுவிட்டு அவளால் போக முடியாது. வேலையை விடுவதுதான் வழி. வீட்டுக் கடனில் பாதி அவள் சம்பளத்தை நம்பி வாங்கியது.

யூடியூபைப் பார்த்துப் பார்த்து நானே திட்டம் போட்டேன். மூன்று பெட்டி. ஒன்று மெயின் ரோட்டு மளிகைக் கடை மாடியில், ஒன்று நடுவில், ஒன்று எங்கள் மொட்டை மாடியில். ஒன்று மற்றதற்குச் சிக்னலைக் கைமாற்றிவிடும். ஒரே நிபந்தனை, ஒரு பெட்டியிடம் நின்று பார்த்தால் அடுத்த பெட்டி மறைவில்லாமல் தெரிய வேண்டும். நடுப்பெட்டிக்குத் தோதான மாடி, ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையரான, சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த அந்தத் தெருமுனை வீட்டுக்காரருடையது. கார் நிறுத்துவதில் எனக்கும் அவருக்கும் முன்பே வாய்த்தகராறு. இருந்தும், போய்க் கேட்டதும் "வச்சிக்கோ சார்" என்று கரண்டும் சேர்த்துக் கொடுத்தார். உடனே ஒத்துக்கொண்டதே எனக்கு இடித்தது.

முதல் சில நாள் ஜோராக ஓடியது. அப்புறம் சாயங்காலமானால் அறுந்தது. வரும், போகும், மறுபடி வரும். மனைவி மீட்டிங்கில் பாதி வார்த்தையில் நின்று முழிப்பாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அதே நேரத்தில் அவர் மாடியில் காற்று வாங்கிக்கொண்டு நிற்பார். எங்கள் பக்கமே பார்ப்பார். நடுப்பெட்டியின் சுவிட்சைத் தட்டி விளையாடுகிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். "அந்த ஆளுக்கு எப்பப் பாரு நம்ம பெட்டி மேலதான் கண்ணு" என்று, பெட்டி மாட்டிய முதல் நாளிலிருந்தே நான் வீட்டில் சொல்லாத நாளில்லை.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வேலை செய்தேன். ஆண்டெனாவைத் திருப்ப வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவர் மாடிக்கு ஏறி, சுவிட்ச் மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை வேண்டுமென்றே கோணலாக ஒட்டிவிட்டு வந்தேன். யார் சுவிட்சைத் தொட்டாலும் டேப்பை உரித்துத்தான் ஆக வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், டேப் நேராக, அழகாக ஒட்டியிருந்தது.

மாட்டினாயா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். அன்றைக்குத்தான் மேனேஜர் "இனி ஒரு தடவை அறுந்தால் திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸ்" என்று மெயில் போட்டிருந்தார். கோபம் தலைக்கேறி, வாயைத் திறக்கப் போனேன். அதற்குள், என் பின்னாலேயே மாடியேறி வந்த வீட்டுக்காரரே சொன்னார்.

"சார், உன் டேப்பு பிரிஞ்சுகினு இருந்துச்சு. நான்தான் புச்சா ஒட்டிவுட்டேன். ஊட்ல யாரும் அதாண்ட போவக் கூடாதுன்னு சொல்லிக்கீறேன். துணிகூட இங்க காயப்போடறதில்ல, உனுக்கு மறைக்கும்னு."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெட்டி மாட்டிய நாளுக்குப் பிறகு அந்தத் திசையில் நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் இவருடைய சுவிட்சைத்தான்.

எங்கள் பெட்டியைக் காணோம். அதற்கு நேர் முன்னால், பெட்டி மாட்டிய அதே குழாயில் கட்டிய கயிற்றில், கண்ணும் மீசையும் வரைந்த பெரிய திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று தொங்கியது. சாயங்காலக் காற்றில் அப்படி ஒதுங்கினால் பெட்டி தெரிந்தது, இப்படி வந்தால் மறைந்தது. பூசணிக்காய் தொங்காத வீடே எங்கள் தெருவில் கிடையாது. அதனால் தெருவில் போகும்போதும் வரும்போதும் அது எனக்கு உறைக்கவே இல்லை. காய்க்குள்ளே முழுக்கத் தண்ணீர். தண்ணீரைத் தாண்டிச் சிக்னல் எப்படிப் போகும்?

வீட்டுக்கு ஓடி, யார் கட்டியது என்று கேட்டேன்.

"நான்தான். அவர் கண்ணு நம்ம பெட்டி மேலயே இருக்குன்னு நீங்கதானே தெனமும் சொன்னீங்க?" என்றாள் மனைவி.

அவிழ்த்து வாசல் பக்கம் மாற்றிக் கட்டினேன். அப்புறம் ஒரு கால்கூட அறுந்ததில்லை. அவள் வேலை தப்பியது.

அந்த டேப் எதற்கு என்று அவர் பிறகு ஒருநாள் கேட்டார். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? இப்போதெல்லாம் வானம் கறுத்தால், கீழே கொடியில் காய்கிற துணியை எடுப்பதற்கு முன்னால் அவர் மாடிக்கு ஏறி அந்த டேப்பை ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் இறங்குகிறார்.